பங்குனியில் ஒரு சீரற்ற காலநிலை

மத்தியஸ்தர் சங்கத்தின் சிறப்பு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், புதிதாக விசில் எடுத்த பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தாருங்கள் என்று மலர்க்குழுவினர் வீடு தேடி வந்து கேட்டார்கள். நாலு நல்ல வார்த்தை என்னிடம் இருக்கிறதா என்று அவர்கள் விசாரிக்கவில்லை. மலரின் முதற் பன்னிரண்டு பக்கமும் ஆசிச் செய்திகள் என்பது எனக்குத் தெரியும். கோட் போட்ட படம், அதற்குக் கீழே விளையாட்டு ஒற்றுமையை வளர்க்கும் என்று பன்னிரண்டு பேரும் எழுதிய ஒரே வசனம். அவற்றையெல்லாம் தாண்டி இந்தப் பக்கத்துக்கு வந்து சேர்ந்த உங்களுக்கு முதலில் நன்றி. வெளியீட்டு விழாவின் பிரதம விருந்தினர் வந்து சேரும்வரை உங்களுக்கு நேரம் இருக்கும். ஆறுதலாக வாசியுங்கள்.

முப்பத்தொரு வருடம் உதைபந்தாட்ட மத்தியஸ்தராக இருந்தேன். பிழைப்புக்கு உடற்கல்வி ஆசிரியர் வேலை, பின்னேரங்களில் விசில். வலிகாமத்தில் நான் ஓடாத மைதானம் இல்லை. இப்போது முழங்கால் மடங்காது, அதனால் எழுதுகிறேன்.

உங்களுக்குப் பதினேழு விதிகளைப் படிப்பித்திருப்பார்கள். பதினெட்டாவது விதி புத்தகத்தில் இல்லை, பந்தலுக்குள் இருக்கிறது. பிளாஸ்டிக் கதிரை நாலு வரிசை போட்டிருப்பார்கள். அதற்கு முன்னால் யாரோ ஒருவர் வீட்டு விறாந்தையிலிருந்து தூக்கிவந்த சோபா, வெள்ளைத் துணி போர்த்தி நிற்கும். அந்தச் சோபா வெறுமையாகக் கிடக்கும்வரை எந்த இறுதிப்போட்டியும் தொடங்காது. அதில் இருக்க வேண்டியவர் வந்து, இருந்து, எழும்பி, வரிசையில் நிற்கிற இருபத்திரண்டு பேருக்கும் கைலாகு கொடுத்தால்தான் பந்து உருளும். என் காலத்தில் அந்தச் சோபாவில் துவக்கோடு வந்தவர்கள் இருந்தார்கள், தொப்பியோடு வந்தவர்கள் இருந்தார்கள், இப்போது வெள்ளை வேட்டியோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். விளையாட்டுக்குள் அரசியல் வரக்கூடாது என்று ஒலிபெருக்கியில் சொல்பவர் யாரென்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அந்தச் சோபாவிலிருந்து எழும்பி வந்தவராகத்தான் இருப்பார். தான் கூட்டாத கூட்டம் ஒன்று இலவசமாகக் கிடைக்கும்போது யார்தான் வரமாட்டார்?

எனக்கு விசில் பிடிக்கக் கற்றுத் தந்தவர் குருநகர்க்காரர். காலையில் மீன் சந்தையில் தராசு பிடிப்பார், பின்னேரம் மைதானத்துக்கு வருவார். பெயரைச் சொன்னால் ஏசுவார், அதனால் சொல்லவில்லை. சண்டைக் காலத்தில் ஒருநாள் நான் அவருக்குக் கோட்டு மத்தியஸ்தராக நின்றேன். அந்தப் பகுதியை அப்போது ஆண்டுகொண்டிருந்தவர்களின் பொறுப்பாளர் வந்துதான் போட்டியைத் தொடக்கிவைப்பார் என்று சொல்லியிருந்தார்கள். நேரமாகியும் ஆள் வரவில்லை. நான் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். குருநகர்க்காரர் என்னிடம் நடந்து வந்தார்.

"தம்பி, விசில் ஊதுறவன் மணிக்கூட்டைப் பாக்கவேணும். றோட்டைப் பாக்கப்படாது."

சொல்லிவிட்டுப் போய் ஊதினார். ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேர் வந்து அவரைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த நாள் மத்தியானம்தான் வீட்டுக்கு வந்தார். என்ன நடந்தது என்று கேட்டேன். தேத்தண்ணி தந்தார்கள், சீனி காணாது என்றார். ஒரு மாதத்துக்கு இடது கையால்தான் தராசு பிடித்தார்.

இந்தக் கதையை நான் எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் கைதட்டியிருக்கிறார்கள். அவருடைய துணிவில் எனக்கும் ஒரு பங்கு இருப்பதுபோல நிமிர்ந்து நின்று சொல்லுவேன். இனி எழுதப்போவதை ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை.

தெல்லிப்பழைக்குப் பக்கத்து மைதானம் ஒன்று. பெண்களுக்கான இறுதிப்போட்டி. பங்குனி மாதம், நிலம் வெடித்துக் கிடந்தது. வெல்கிற அணி கொழும்புக்குப் போய் விளையாடும், அங்கே தேசிய அணிக்கு ஆள் எடுப்பார்கள். ஓர் அணி நகரத்துப் பக்கம். மற்றது சுன்னாகத்துக்கு அயலில் உள்ள தோட்டக் கிராமம் ஒன்றின் அணி. அந்த அணியின் கோல் காப்பாளர் தர்சிகா. வெங்காயத் தோட்டக்காரரின் மகள், அப்போது பத்தொன்பது வயது. கையை விரித்து நின்றால் கோல் கம்பம் சிறுத்துப் போகும். அப்படி ஒரு காப்பாளரை, ஆண்களையும் சேர்த்துச் சொல்கிறேன், நான் அதிகம் கண்டதில்லை.

அவளுடைய பயிற்சியாளர் ஆட்டத்துக்கு முன்பு என்னோடு கதைத்துக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் சொன்னார். தகப்பன் இந்த இறுதிப்போட்டி வரைக்கும்தான் சம்மதித்திருக்கிறாராம். வென்று கொழும்புக்குப் போனால் போகட்டும், இல்லாவிட்டால் இத்தோடு காற்சட்டையும் பந்தும் போதும் என்று சொல்லிவிட்டாராம். அதையும் தெரிந்துகொண்டுதான் நான் மைதானத்துக்குள் இறங்கினேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

ஆட்டம் நாலு மணிக்கு. மூன்றே முக்காலுக்கே பிள்ளைகள் இரண்டு வரிசையில் வந்து நின்றார்கள். சோபா வெறுமையாகக் கிடந்தது. வரவேண்டியவர் அரசியல்வாதி. எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், அவருக்கே சில வேளைகளில் மறந்துபோகும். அந்த மைதானத்துக்கு மின்விளக்கு போட்டுத் தருவதாகப் போன தேர்தலில் சொல்லியிருந்தார். கம்பம் நாலு நட்டாகிவிட்டது. விளக்கு வரவில்லை. ஆனால் வாசலில் அவர் பெயர் வெட்டிய கல் வந்துவிட்டது.

கழகச் செயலாளர் ஒரு நல்ல பெடியன். கையில் தொலைபேசியோடு என்னிடம் ஓடி வந்தான். சுன்னாகம் தாண்டிவிட்டாராம், பத்து நிமிடம் பாருங்கள் சேர் என்றான். பார்த்தேன். நாலரைக்கு மறுபடியும் வந்தான். இப்போதுதான் சுன்னாகம் தாண்டுகிறாராம். நாலே முக்காலுக்கும் சுன்னாகம்தான். ஒரு மனிதர் ஒரே பின்னேரத்தில் ஒரே சந்தியை மூன்று தடவை தாண்டியதை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

என்னை ஒருவரும் வெருட்டவில்லை. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். துவக்கு இல்லை, சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போக ஆள் இல்லை, இடமாற்றக் கடிதம்கூட இல்லை. பயந்துதான் காத்திருந்தேன் என்றால் அதில் ஒரு மரியாதையாவது இருந்திருக்கும். பிரதம விருந்தினருக்காகக் காத்திருப்பதுதான் முறை என்று காத்திருந்தேன். வெயிலில் நின்ற பிள்ளைகளைவிட வெறுமையாகக் கிடந்த சோபா எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

ஐந்து மணிக்கு வந்தார். மாலை, பொன்னாடை, கைலாகு. பிறகு முதற் பந்தை அவர்தான் உதைக்கவேண்டும். அவர் அடிப்பதை விட்டுக்கொடு என்று தர்சிகாவிடம் சொல்லியிருந்தார்கள். அவர் வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு தட்டுத் தட்டினார். பந்து உருண்டு போனது. அவள் பழக்கத்தில் குனிந்து எடுத்துவிட்டாள். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார், ஆனால் படம் எடுப்பவருக்குக் கை காட்டி இன்னொரு தடவை அடித்தார். அந்த முறை அவள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அவளாக விட்டது அந்த ஒரு பந்தைத்தான். ஐந்து பத்துக்கு நான் விசில் ஊதினேன்.

நாற்பது நிமிடப் பாதிகள் இரண்டு. இரண்டாம் பாதி தொடங்கும்போதே வெயில் பனைகளுக்குப் பின்னால் போய்விட்டது. ஆறரைக்குப் பிறகு எதிர்ப்பக்கக் கோல் கம்பம் எனக்கே சரியாகத் தெரியவில்லை. இன்னும் ஒருவரும் கோல் அடிக்கவில்லை. அடித்த ஆறேழு அடிகளையும் அவள்தான் தடுத்திருந்தாள். பந்து ஒருமுறை வெளியே போனபோது கையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"சேர், எனக்குப் பந்து தெரியேல்லை."

"இன்னும் ஆறு நிமிசம்தான் பிள்ளை. சமாளி."

வெளிச்சம் போதாவிட்டால் ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரம் எனக்கு மட்டும்தான் இருந்தது. நிறுத்தினால் இன்னொரு நாள் வைக்கவேண்டும். பிரதம விருந்தினர் கிண்ணம் கொடுக்காமல் போகவேண்டும். ஏன் பிந்தியது என்று யாராவது கேட்பார்கள். இவ்வளவும் எனக்கு ஒரு நொடியில் ஓடியது. அவள் ஒரு வசனம்தான் சொன்னாள், அது காதுக்குள் போகவில்லை.

அடுத்த நிமிடம் நடுக்கோட்டுக்கு அப்பாலிருந்து எதிரணிப் பிள்ளை ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள். அது அடி என்றுகூடச் சொல்லமுடியாது, பந்தைத் தன்னிடமிருந்து தொலைத்தாள், அவ்வளவுதான். பந்து ஒருமுறை குத்தி எழும்பி வலைக்குள் போனது. தர்சிகா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். வலை ஆடிய சத்தம் கேட்டுத்தான் திரும்பினாள். நான் கோல் என்று கை காட்டினேன்.

ஆட்டம் முடிந்தது. பரிசளிப்புக்கு வெளிச்சம் காணாது என்று பிரதம விருந்தினருடைய ஆட்கள் மூன்று வாகனங்களைத் திருப்பி நிறுத்தி முன் விளக்குகளைப் போட்டார்கள். மைதானம் பகல்போல ஆனது. அந்த வாகனங்கள் ஐந்து மணியிலிருந்து அங்கேதான் நின்றன. அந்த வெளிச்சத்தில் அவர் தமிழ்ப் பெண்களின் வீரத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். தோற்ற அணி நிலத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தது. தகப்பன் மோட்டார் சைக்கிளில் வந்து, மகளின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, அவளை ஏற்றிக்கொண்டு போனார்.

இனிமேல்தான் என் பிழை. இவ்வளவும் கோழைத்தனம், அதையாவது மன்னிக்கலாம்.

மத்தியஸ்தர் அறிக்கையில் ஆட்டம் பிந்தித் தொடங்கினால் காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கிறது. நான் பேனாவை எடுத்து, சீரற்ற காலநிலை காரணமாக, என்று எழுதினேன். நம் நாட்டில் எல்லாவற்றுக்கும் பொருந்துகிற வசனம் அது. ரயில் வராவிட்டாலும் அதுதான், கூட்டம் நடக்காவிட்டாலும் அதுதான். கை தானாக எழுதியது. வெளிச்சம் எப்படி என்று கேட்ட கட்டத்தில் போதுமானது என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

தோற்ற அணி முறைப்பாடு கொடுத்தது. ஆட்டத்தை மறுபடி நடத்தினால் அந்தப் பிள்ளைக்கு இன்னும் ஒரு வழி இருந்தது. விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள், பயிற்சியாளரோடு அவளும் வந்திருந்தாள். விசாரணைக் குழுத் தலைவர் என் அறிக்கையைச் சத்தமாக வாசித்தார். வெளிச்சம் இருந்ததா என்று கேட்டார். ஓம் என்றேன். அவள் எழும்பினாள். அழவில்லை, சத்தம் போடவும் இல்லை. எனக்கு நேரே திரும்பிக் கேட்டாள்.

"சேர், அண்டைக்கு மழை பெய்ததோ?"

பிள்ளை, கேள்வி கேட்பது நாங்கள் என்று தலைவர் அவளை இருத்தினார். நான் மேசையில் கிடந்த தண்ணீர்ப் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முறைப்பாடு தள்ளுபடியானது. மற்ற அணி கொழும்புக்குப் போய் முதல் ஆட்டத்திலேயே எட்டுக் கோல் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தது. தர்சிகா அதற்குப் பிறகு பந்து பிடிக்கவில்லை.

மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்கள். எனக்கு மழையே பெய்யவில்லை, தூவானம் மட்டும் இன்றுவரை விடவில்லை.

ஆறு வருடம் கழித்து மத்தியஸ்தர் பயிற்சி வகுப்புக்கு அவள் வந்தாள். பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள் என்று விண்ணப்பத்தில் இருந்தது. நான்தான் வகுப்பெடுத்தேன். வழக்கம்போலக் குருநகர்க்காரரின் கதையைச் சொன்னேன், மணிக்கூட்டைப் பார், றோட்டைப் பார்க்காதே என்று முடித்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். அவள் குனிந்து அந்த வசனத்தைக் கொப்பியில் எழுதினாள். மறந்துவிட்டாள் போல என்று நினைத்து நான் ஆறுதல் அடைந்தேன். எவ்வளவு கெட்டித்தனம் பாருங்கள். பரீட்சையில் அவள்தான் முதலாவதாக வந்தாள்.

இரண்டு வருடத்துக்குள் அவளுக்கு இறுதிப்போட்டிகள் கொடுக்கத் தொடங்கினோம். வல்வெட்டித்துறைப் பக்கம் ஒரு போட்டிக்கு நான் மேற்பார்வையாளராகப் போயிருந்தேன். பிரதம விருந்தினர் அதே ஆள். நாலு மணிக்குச் சோபா வெறுமையாகத்தான் கிடந்தது. கழகத்தார் என்னிடம் வந்து, நீங்கள் சொன்னால் கேட்பா என்று கெஞ்சினார்கள். நானும் எழும்பிப் போனேன். ஆம், போனேன்.

"பிள்ளை, ஒரு பத்து நிமிசம் பாப்பம்."

"நாலு மணி, சேர்."

ஊதிவிட்டாள். அரை மணித்தியாலம் கழித்து அவர் வந்தார். ஒலிபெருக்கி வரவேற்றது, ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஒருவன் கோல் அடித்தான். கூட்டம் முழுக்க எழும்பிக் கைதட்டியது. அவர் தனக்குத்தான் என்று நினைத்து நாலு பக்கமும் கும்பிட்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். முப்பத்தொரு வருடத்தில் மைதானத்தில் நான் மிகச் சந்தோஷமாக இருந்த நிமிடம் அதுதான். ஆட்டத்தை நிறுத்திக் கைலாகுக்கு விடச் சொன்னார்கள். இடைவேளையில் வரட்டும் என்று ஓடிக்கொண்டே சொன்னாள். அவர் இடைவேளைவரை இருக்கவில்லை.

பிரதம விருந்தினரை அவமதித்தமை என்று முறைப்பாடு வந்தது. விசாரித்த ஐந்து பேரில் நானும் ஒருவன். எங்கள் சங்கத்துக்குக் கட்டடம் கேட்டுக் கொடுத்த கோவை அந்தப் பிரதம விருந்தினருடைய மேசையில் கிடக்கிறது என்று தலைவர் முதலிலேயே நினைவூட்டினார். ஏன் காத்திருக்கவில்லை என்று அவளைக் கேட்டார்கள். அவள் மற்ற நாலு பேரையும் விட்டுவிட்டு என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"நான் மணிக்கூட்டைப் பாத்தனான் சேர். றோட்டைப் பாக்கேல்லை. நீங்கள்தானே சொல்லித்தந்தனீங்கள்."

மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். ஓம், நான்தான் சொன்னேன், அவள் செய்தது சரி என்று ஒரு வசனம் சொன்னால் போதும். ஐந்து பேரில் இரண்டு பேர் அதற்காகத்தான் காத்திருந்தார்கள் என்று பிறகு அறிந்தேன். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். ஒரு வருடத் தடை என்று முடிவானது. உங்கள் தமிழ் நல்ல தமிழ், கடிதத்தை நீங்களே எழுதுங்கள் என்றார் தலைவர். காரணம் எழுதவேண்டிய இடத்தில் நிருவாகக் காரணங்களுக்காக என்று எழுதினேன். இந்த முறை மழையைக்கூடக் கூப்பிடவில்லை. கடிதத்தை வாங்கியவள் கையெழுத்து வைத்துவிட்டுப் போனாள். அவள் ஏதாவது கேட்பாள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கேட்கவில்லை.

தடை முடிந்து நாளாகிவிட்டது. அவளுடைய பெயர் மட்டும் மத்தியஸ்தர் பட்டியலுக்குத் திரும்பி வரவில்லை. அந்த இரண்டு காரணங்களும் பொய் என்று சங்கத்துக்கு இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. கட்டடமும் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இது மூன்றாவது கடிதம். இதை வெட்டாமல் மலரில் போட்டிருந்தால் மலர்க்குழுவுக்குத் துணிவு வந்துவிட்டது என்று நம்பாதீர்கள், வாசிக்கவில்லை என்று அர்த்தம்.

மலர் வெளியிடுகிற அன்று பின்னேரம் இறுதிப்போட்டி இருக்கிறது. உங்களில் ஒருவர்தான் நடுவில் நிற்பீர்கள். நாலு மணிக்கு ஒரு பெடியன் தொலைபேசியோடு ஓடி வருவான், சுன்னாகம் தாண்டிவிட்டாராம் என்பான். என்ன செய்யவேண்டும் என்று உங்களுக்குச் சொல்லித்தர எனக்குத் தகுதி இல்லை. அதைச் செய்து காட்டியவள் பாலர் பாடசாலையில் பிள்ளைகளுக்கு அ, ஆ படிப்பித்துக்கொண்டிருக்கிறாள். போய் அவளிடம் கேளுங்கள். போகும்போது இந்தப் பக்கத்தையும் கிழித்துக்கொண்டுபோய் அவள் கையில் கொடுங்கள். அவள் என்னிடம் கேட்ட ஒரே ஒரு கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

இல்லை பிள்ளை. அன்றைக்கு மழை பெய்யவில்லை.